தட்டினால் விடுவார்களா?

பிள்ளையை எந்தத் தற்காப்புக் கலையில் சேர்க்கலாம் என்று பாசிர் ரிஸ் பெற்றோர் விசாரிக்கிறார்கள். கலையின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பிற்பகல். பாசிர் ரிஸ்ஸில் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபம். வாசலில் செருப்பும் ஸ்லிப்பருமாகக் குவிந்து கிடக்கின்றன. உள்ளே ரப்பர் மேட்டின் மேல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைவிடக் கனமான பையனின் வலக்கையை இரு தொடைகளுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல உயர்த்துகிறாள். அவன் முழங்கை நேராகிறது. இன்னும் ஓர் அங்குலம் போனால் வலி. இடக்கையால் அவள் காலில் இரண்டு முறை தட்டுகிறான். தட்டிய நொடியே பிடி விடுகிறது. இருவரும் மண்டியிட்டு, உள்ளங்கைகளை உரசிக்கொண்டு மறுபடி தொடங்குகிறார்கள். பக்கத்து அறையில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒரே குரலில் கத்திக் காற்றை உதைக்கிறார்கள். யாரும் யாரையும் தொடுவதில்லை. நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைப்பேசியோடு பெற்றோர். "சிலாட்டா, டேக்வாண்டோவா, அந்த ஜியு ஜிட்சுவா? எதுல போடறது?"

தீவெங்கும் சனி, ஞாயிறுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியின் துணைப்பாட நடவடிக்கையில் என்ன இருந்ததோ அதில் பிள்ளை சேர்ந்தது. 2011 செப்டம்பர் 3 அன்று சிங்கப்பூர் உள்ளரங்கில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், கலப்புத் தற்காப்புக் கலை என்ற சொல்லையே வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. 2016 மே மாதம் வீராங்கனை ஏஞ்சலா லீ பத்தொன்பது வயதில் அதன் உலகப் பட்டத்தை வென்றபோது, பெண் பிள்ளை வைத்திருந்த அப்பாக்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று கடைத்தொகுதி மாடிகளில் முவே தாய் கூடம், அடுத்த கதவில் குத்துச்சண்டை, சமூக மன்றத்தில் சிலாட், கராத்தே, வூஷு. பட்டியல் நீள நீளக் குழப்பமும் கூடுகிறது.

எந்தக் கலை என்ற கேள்வி இரண்டாம் பட்சம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு கூடத்தில் பிள்ளை என்ன கற்கும், எப்படி வீடு திரும்பும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. எதிரில் நிற்பவர் உண்மையாகவே எதிர்க்கிறாரா? அந்த எதிர்ப்பின் வேகத்தைக் கட்டிப் பிடிக்க அங்கே ஆள் இருக்கிறாரா? முதலாவது இல்லாத இடத்தில் பிள்ளை சண்டை கற்பதில்லை. இரண்டாவது இல்லாத இடத்தில் அடிபடுகிறது.

கானோ கழித்துவிட்டது

இந்த விவகாரத்தைத் தெளிவாக முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ஜப்பானியரான ஜிகோரோ கானோ. 1882-ல் தோக்கியோவில் கொடோக்கான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். அவருக்கு முந்திய ஜுஜுட்சுப் பள்ளிகளில் ஆளை ஊனமாக்கும் பிடிகளும் அடிகளும் ஏராளம். அத்தனை ஆபத்தானதை முழு வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் பழக முடியாது என்பதால், எழுதி வைத்த நாட்டியம் போல, இவர் தாக்க அவர் விழ என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பழகினார்கள். கானோ அந்த ஆபத்தான பகுதியைப் போட்டிப் பயிற்சியிலிருந்து கழித்தார். மிஞ்சிய எறிதலையும் பிடித்தலையும் தினமும் முழுப் பலத்தோடு, விழ மறுக்கும் ஆள் மேல் பழக வைத்தார். ரந்தோரி என்று பெயர். கேட்பதற்கு முரணாக இருந்தாலும் கணக்கு நேரானது: பாதுகாப்பானது என்பதால் அதை ஆயிரம் முறை செய்யலாம், ஆயிரம் முறை செய்ததால் அது கைக்கு வருகிறது.

இதற்கு நூற்றுப்பதினோரு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் டென்வரில் ஒரு சோதனை நடந்தது. 1993 நவம்பர் 12, முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டி. வெவ்வேறு கலைக்காரர்களைக் கம்பி வேலி போட்ட எண்கோண மேடைக்குள் மோதவிட்டார்கள். மெலிந்த உடல்வாகுள்ள ரோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். அவர் குடும்பத்துக்கு அந்த வித்தையைக் கொடுத்தவர் 1914-ல் பிரேசிலுக்குப் போன மாயேடா, கானோவின் பள்ளியில் பயின்றவர். உலகெங்கும் ஜியு ஜிட்சுக் கூடங்கள் முளைத்ததற்கு அந்த இரவு ஒரு காரணம். ஆனால் அந்த வெற்றியை ஒரு கலையின் மகிமை என்று மட்டும் படித்தால் பாதிப் பாடம் போய்விடுகிறது. கிரேசி சிறுவயது முதல் தன்னை மடக்கப் பார்ப்பவர்களோடுதான் பழகினார். குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், முவே தாய்க்காரர் யாருக்கும் இது பொருந்தும். கலப்புப் போட்டிகளில் தாக்குப்பிடித்த கலைகள் எல்லாமே பயிற்சியில் எதிராளியை உயிரோடு வைத்திருப்பவை. வாகன அடிப்படைத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்து பிஐஇ விரைவுச்சாலையில் விட்டுவிடுவோமா? காற்றை மட்டும் உதைத்துக் கறுப்புப் பட்டை வாங்கிய பிள்ளையிடம் பல பெற்றோர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

〔 பெட்டி: எதில் என்ன நடக்கிறது?

சிலாட்: உதை, குத்து, வாரி வீழ்த்துதல். போட்டியில் உடற்கவசம் அணிந்த மேலுடம்புதான் இலக்கு. தலையில் அடிக்கக் கூடாது. சுத்தமான குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, வீழ்த்தினால் 3. அனைத்துலகச் சம்மேளனமான பெர்சிலாட்டை 1980-ல் தொடங்கிய நான்கு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2018 உலக வெற்றியாளர் போட்டி இங்கேதான் நடந்தது. முன்னாள் உலக வெற்றியாளர் ஷேக் அலாவுதீனின் மகன்கள் இருவரும் உலகப் பட்டம் வென்றவர்கள்.

முவே தாய்: கை, கால், முழங்கை, முழங்கால் நான்கும் ஆயுதம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும் கிளிஞ்ச் இதன் தனிச்சொத்து.

குத்துச்சண்டை: இரண்டு கைகள், நகரும் கால்கள். சிங்கப்பூரின் சையது அப்துல் காதர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1974 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார்.

ஜூடோ, ஜியு ஜிட்சு: அடி கிடையாது. ஜூடோவில் எறிதல் முதன்மை, ஜியு ஜிட்சுவில் தரைப்பிடி. தட்டினால் ஆட்டம் முடிந்தது.

டேக்வாண்டோ: காலுக்கே முதல் மரியாதை. போட்டியில் மின்னணுக் கவசம் புள்ளியைப் பதிவு செய்யும்.

சிலம்பம்: காலடியும் கம்பும். தனித்திறன் சுற்றும் உண்டு, எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியும் உண்டு. 〕

ஒரே ஜூடோ, இரண்டு நாடுகள்

எதிர்ப்பு வேண்டும் என்று சொன்னதோடு நிறுத்தினால் அது ஆபத்தான அறிவுரை. அதற்கு ஆதாரம் கானோ பிறந்த நாட்டிலேயே இருக்கிறது. 1983-க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளுக்குள் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பழகும்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர் ரியோ உச்சிதா பழைய விபத்துப் பதிவுகளைத் தோண்டியெடுத்துத் தொகுத்தபோதுதான் அந்த எண்ணிக்கையே வெளியில் தெரிந்தது. பலர் தலைக்குள் இரத்தக்கசிவால் போனவர்கள். பலர் முதலாண்டு மாணவர்கள், விழக்கூட இன்னும் சரியாகப் பழகாதவர்கள். பின்பக்கமாகக் காலை வாரி வீழ்த்தும் ஓசோத்தோகாரி என்ற ஒரே எறிதல் திரும்பத் திரும்பப் பதிவுகளில் வந்தது. 2012-ல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது பெற்றோர் கொதித்ததற்கு இதுவே பின்னணி.

பிரான்சில் ஜூடோ பழகுகிறவர்கள் ஜப்பானைவிட அதிகம். அவர்களில் பெரும் பகுதி சிறு பிள்ளைகள். அங்கே இப்படி மரணப் பட்டியல் இல்லை. எறிதல் அதே எறிதல், மேட் அதே மேட். வேறுபடுவது சொல்லித்தரும் ஏற்பாடு. பிரான்சில் அரசுச் சான்றிதழ் பெற்றவர்தான் ஊதியம் வாங்கிக்கொண்டு ஜூடோ கற்பிக்க முடியும். விழப் பழகுவதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தொடங்குகிறார்கள். ஜப்பானியப் பள்ளிக் குழுவிலோ களைத்துப்போன புதியவனை மூத்தவன் தூக்கித் தூக்கிப் போடுவது மன உறுதிப் பயிற்சி என்று நீண்ட காலம் கருதப்பட்டது. கலைதான் ஆபத்து என்றால் இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் செத்திருக்க வேண்டும். கலைதான் பாதுகாப்பு என்றால் இரண்டிலும் பிழைத்திருக்க வேண்டும். 2022-ல் ஜப்பானிய ஜூடோ சம்மேளனமே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்தியது. பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்கச் செய்வதும், நடுவரைப் பார்த்துப் பெற்றோர் கத்துவதும் எல்லை மீறிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜூடோவைப் பிறப்பித்த நாடு அப்படி ஒரு முடிவுக்கு வர எவ்வளவு யோசித்திருக்கும்!

தலைக்கு விழும் கணக்கு

"அப்படியானால் கலைகளுக்குள் வேறுபாடே இல்லையா?" என்ற மறுப்பு எழும். இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாமல் போனால் வாதம் நேர்மையாகாது. தலையில் அடிப்பதைப் புள்ளியாக எண்ணும் விளையாட்டும் எண்ணாத விளையாட்டும் ஒன்றாகாது. 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டைக்காரர்கள் வயதாகும் முன்னே தள்ளாடுவதையும் குழறுவதையும் மருத்துவ ஏட்டில் எழுதினார். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டை திடீரென்று திரும்பும்போது உள்ளே மூளை சுழன்று குலுங்குவதைப் பஞ்சால் தடுக்க முடியாது. ஆடவர் அமெச்சூர் குத்துச்சண்டையின் உயர்நிலைப் போட்டிகளில் 2013 முதல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள். பிள்ளைகளுக்கும் இளையர்களுக்கும் குத்துச்சண்டையே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கனடியக் கழகமும் 2011-ல் கூட்டாகச் சொல்லிவிட்டன.

ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு எதில் தொடங்கலாம் என்றால், தலையில் அடி விழாத ஜூடோ, ஜியு ஜிட்சு, மல்யுத்தம், விதிப்படி நடக்கும் சிலாட் ஆகியவற்றின் பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் இங்கேயும் பயிற்சி முறை குறுக்கே வருகிறது. தாய்லாந்தில் முவே தாய்க்காரர்கள் அடிக்கடி மேடை ஏறுகிறவர்கள். அவர்களுடைய ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சி மோதலை, பார்த்தால் வெளியாளுக்கு ஏமாற்றமாக இருக்கும். கணைக்கால் கவசத்தோடு, சிரித்துக்கொண்டு, தொட்டு விலகி ஆடுவார்கள். வெள்ளிக்கிழமை மேடையில் அடி வாங்கப் போகிறவன் செவ்வாய்க்கிழமை கூடத்தில் அதைச் செலவழிக்க மாட்டான். பலமான மோதலைக் கிளிஞ்சிலும், கனத்த உதையைப் பயிற்றுவிப்பாளர் பிடிக்கும் பேடிலும் வைத்துக்கொள்வார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூட மேடை ஏறப் போகாத அலுவலக ஊழியர்கள், வாரம் மூன்று நாள் ஒருவர் தலையை ஒருவர் முழு வேகத்தில் குத்திக்கொள்வதை "ரியல் டிரெய்னிங்" என்று பெருமை பேசும் கூடங்கள் உலகெங்கும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரன் தவிர்க்கும் அடியைப் பொழுதுபோக்குக்கு வந்தவர் மாதச் சந்தா கட்டி வாங்கிக்கொள்கிறார்.

மரினா பே, 2017

கட்டுப்பாடு என்பது கூடத்துக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 2017 செப்டம்பர் 23 அன்று மரினா பே சேண்ட்ஸில் ஆசியச் சண்டை வெற்றியாளர் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பிரபலங்கள் மோதும் முவே தாய் ஆட்டம் ஒன்றும் அதில் இருந்தது. மோதவிருந்தவர்களில் ஒருவர் விலக, அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர் பிரதீப் சுப்பிரமணியன். வயது 32. உடற்கட்டு வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவர், அத்துறை அமைப்பு ஒன்றின் தலைவர். எதிராளி யூடியூபில் பெயர் பெற்றவர். ஆட்டத்தை நடுவர் நிறுத்திய சற்று நேரத்தில் பிரதீப் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் அன்றிரவே உயிர் பிரிந்தது. இதயத் துடிப்பு நின்றுபோனதே காரணம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது.

பார்க்க இரும்பு போலிருந்த ஓர் உடல். அந்தச் செய்தி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களை உலுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டான உடலும் சண்டைக்குத் தயாரான உடலும் வேறு. சண்டைக்கு எட்டு, பத்து வாரம் பழகுவது தசைக்காக மட்டும் நடப்பதில்லை. அடி வாங்கியபடி மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளவும், களைத்த பிறகு முடிவெடுக்கவும் உடலுக்கு அந்த அவகாசம் தேவை. ஒரே நாளில் ஆளை மாற்றிப் போடுவது மற்ற விளையாட்டுகளில் சாதாரணம். இங்கே அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

எடை விஷயமும் இதே வகை. 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு எடை குறைக்க முயன்ற சீன வீரர் யாங் ஜியன் பிங் இறந்தார், வயது 21. தண்ணீரை நிறுத்தி, வியர்த்து வியர்த்து, எடைத்தட்டில் ஏறும் ஒரு நிமிடத்துக்காக உடலை வற்ற வைப்பது எல்லா எடைப்பிரிவு விளையாட்டுகளிலும் நெடுநாள் வழக்கம். சில வாரங்களிலேயே சிங்கப்பூரில் தலைமையகம் கொண்ட அந்த நிறுவனம் நீரிழப்பால் எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் ஒரு மரணத்துக்குப் பிறகு விதியையே மாற்றியது இந்தத் தொழிலில் அரிது. பாசிர் ரிஸ் கூடத்தில் பழகும் பதினான்கு வயதுப் பையன் முதல் போட்டிக்கு முந்தின நாள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பூங்கா இணைப்புப் பாதையில் ஓடினால், அவனைத் தடுக்க அங்கே எந்தச் சோதனையும் கிடையாது. பயிற்றுவிப்பாளரும் வீட்டாரும்தான் இருக்கிறார்கள்.

சிலம்பத்தை எங்கே வைப்பது?

"எதிர்ப்பை மட்டும் அளவுகோலாக்கினால் மரபுக் கலைகளைக் கேவலப்படுத்துவதாகாதா?" என்று சிலம்ப ஆசான்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லிட்டில் இந்தியாவின் பொங்கல் மேடைகளில் கம்பு சுற்றும் பிள்ளைகள் யாரையும் அடித்து வீழ்த்தக் கற்றுக்கொள்ளவில்லை. காலடி, தோள் விரிவு, இரு கையும் ஒரே தாளத்தில் ஓடும் ஒருங்கிணைப்பு, தாத்தா ஊரின் ஒரு துண்டு ஆகியவை அவர்களுக்குக் கிடைக்கின்றன. அது குறைந்த சரக்கில்லை. தமிழ்நாடு அரசு வேலைகளின் 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்ததும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் கலைக்குப் புது மவுசைத் தந்திருக்கின்றன.

ஆனால் சிலம்பத்துக்குள்ளேயே எதிர்ப்பின் மரபு உண்டு என்பதை இந்த மவுசில் மறந்துவிடக் கூடாது. கம்பு நுனியில் பொடி தடவிக்கொண்டு மோதி, எதிராளியின் மேல் விழுந்த தடங்களை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் முறை பழையது. மண்டையை உடைக்காமல் "இங்கே பட்டது" என்று இருவரும் ஒப்புக்கொள்ள ஒரு வழி! ஆபத்தைக் கழித்துவிட்டு எதிர்ப்பை வைத்துக்கொள்ளும் கானோவின் யோசனைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. மேடை அலங்காரத்துக்காகச் சுற்றுவரிசையோடு நிற்கும் வகுப்பும், எதிரெதிரே நிறுத்திக் கம்பு பேச வைக்கும் வகுப்பும் ஒரே பெயரில் நடக்கின்றன. இரண்டும் இருக்கட்டும். முதலாவதைத் தற்காப்பு என்று விளம்பரம் செய்வதுதான் தப்பு. எழுதி வைத்த அசைவு வரிசையான கட்டாவோடு நிற்கும் கராத்தே வகுப்புக்கும், அதே வகையான பூம்சேயோடு நிற்கும் டேக்வாண்டோ வகுப்புக்கும் இதையே சொல்லலாம்.

தெருவில் விதி கிடையாதே!

எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம் இது. போட்டியில் கண்ணைக் குத்தக் கூடாது, கீழே அடிக்கக் கூடாது. தெருவில் அந்த விதியெல்லாம் யார் பார்ப்பார்? ஆகவே "உயிருக்கு ஆபத்தான" நுட்பம் சொல்லித்தரும் வகுப்பே உண்மையான தற்காப்பு என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கண்ணைக் குத்தும் நுட்பத்தை யார் கண்ணில் பழகினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. விலகி ஓடுபவனின் முகத்தை ஒரு குத்தால்கூட எட்டியிராதவர், பதற்றத்தில் அவன் கண்ணை மட்டும் குறி பார்த்துத் தொடுவார் என்று நம்பக் காரணமில்லை.

சட்டப் பக்கமும் உண்டு. சிங்கப்பூரின் குற்றவியல் சட்டத்தொகுப்பு தற்காப்பு உரிமையை அளிக்கிறது. ஆனால் நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேற்பட்ட தீங்கு அந்த உரிமைக்குள் வராது. கழுத்தைப் பிடித்து அடக்கி, உதவி வரும்வரை நிறுத்தத் தெரிந்தவருக்கு இந்த வரம்புக்குள் நிற்பது எளிது. அடித்து நொறுக்க மட்டும் கற்றவருக்கு, கற்றது கைகொடுத்தாலும் நீதிமன்றத்தில் சிக்கல்தான். இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் தனியாகப் பேருந்தில் வீடு திரும்பும் இந்த ஊரில், பயிற்சி பெறும் பெரும்பாலோருக்கு அதைத் தெருவில் காட்டும் தேவையே வராது. அவர்கள் உண்மையில் எடுத்துப் போவது உடற்தகுதியும், தோற்றாலும் மறுநாள் வரும் பழக்கமும், அழுத்தத்தில் மூச்சு விடத் தெரிவதும்தான். இவற்றையும் எதிர்ப்பு உள்ள பயிற்சியே தருகிறது. காற்று யாரையும் தோற்கடிப்பதில்லை.

〔 பெட்டி: பட்டை மயக்கம்

கறுப்புப் பட்டையைப் பயிற்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்ததும் கானோதான். இன்று அதன் எடை கலைக்குக் கலை வேறு. ஜியு ஜிட்சுவில் பதினாறு வயதுக்கு முன் பெரியவர்களுக்கான நீலப் பட்டை கிடையாது. கறுப்புப் பட்டைக்குப் பத்தாண்டு ஆவது சாதாரணம். டேக்வாண்டோவில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும் பாதிப்பாதியான பூம் பட்டை. குத்துச்சண்டையிலும் முவே தாயிலும் பட்டையே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், தேறாதவர் யாருமில்லை என்றால் அந்த நிறம் பிள்ளையின் திறமையைவிட வகுப்பின் வரவைத்தான் காட்டுகிறது. 〕

கூடத்தில் எதைப் பார்ப்பது?

பெரும்பாலான கூடங்கள் முதல் வகுப்பை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. சுவரில் தொங்கும் கோப்பைகளைப் பார்த்து முடிவு செய்வது எளிது. அவை அந்தக் கூடத்தின் மிகச் சிறந்த நான்கு பேரைப் பற்றி மட்டும் சொல்கின்றன. உங்கள் பிள்ளை நிற்கப்போவது கடைசி வரிசையில். ஆகவே அங்கே நிற்கும் குண்டுப் பையனையும் கூச்சக்காரச் சிறுமியையும் கவனியுங்கள். அவர்களோடு யாரை ஜோடி சேர்க்கிறார்கள்? கனமானவன் இலேசானவனோடு ஆடும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லும் குரல் கேட்கிறதா? பிடியில் சிக்கியவர் தட்டியதும் விடுகிறார்களா, ஒரு நொடி தாமதித்துப் பெருமை தேடுகிறார்களா? அந்த ஒரு நொடியைக் கண்டும் காணாமல் விடும் பயிற்றுவிப்பாளர் இருக்கும் இடம், எந்தக் கலையானாலும் வேண்டாம். தலையில் பலமாக அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு தருவீர்கள் என்று கேளுங்கள். "ஐஸ் வச்சா போதும்" என்ற பதிலுக்குப் பிறகு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா, முதலுதவிச் சான்றிதழ் எப்போது எடுத்தது என்று விசாரிப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கப் பார்ப்பார்கள். ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று: வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு காப்பி குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஓட்டம், தண்டால், வரிசை உதை என்று முதல் பாதி எல்லாக் கூடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இருவர் இருவராக நிறுத்தி "ஆடுங்கள்" என்று சொல்வது கடைசிப் பதினைந்து நிமிடத்தில். அப்போது இருந்து பாருங்கள்.